டிஎன்-அலர்ட், சச்சேத், வானிலை மைய அறிவிப்பு: மழைக்கால எச்சரிக்கைச் சேவைகள் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தமிழ்நாட்டில் எல்லோர் கையிலும் இருக்க வேண்டிய எச்சரிக்கைச் சேவைகள் மூன்று. முதலாவது, சென்னை வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிவிப்பு. இரண்டாவது, 2024 பருவமழைக்கு முன் மாநில அரசு வெளியிட்ட டிஎன்-அலர்ட் செயலி. மூன்றாவது, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சச்சேத் செயலி. மூன்றும் இலவசம். மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், தயக்கமில்லாமல். ஆனால் மூன்றும் பேசுவது ஆபத்தைப் பற்றி: எவ்வளவு மழை, எவ்வளவு காற்று, ஏரியில் எவ்வளவு தண்ணீர். அந்த ஆபத்து வந்தால் உங்கள் வீடு எவ்வளவு தாங்கும் என்பது இவற்றில் எதற்கும் தெரியாது. தரைத்தளத்தில் படுக்கையோடு இருக்கும் பாட்டிக்கும் நாலாவது மாடியில் இருக்கும் இளைஞருக்கும் ஒரே ஆரஞ்சு நிற எச்சரிக்கைதான் வரும். அந்த இடைவெளியை நாம்தான் நிரப்ப வேண்டும்.

வானிலை மையத்தில் தொடங்கலாம். மற்ற இரண்டுக்கும் மூலச்சரக்கு பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. அறிவிப்பின் நடை பல வருடங்களாக ஒரே மாதிரி இருப்பதால் பலர் அதைக் காதில் வாங்குவதே இல்லை. ஆனால் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர். மிக கனமழை என்றால் 12 முதல் 20. அதி கனமழை என்றால் 20-க்கு மேல். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்கோ அதற்குக் குறைவோ. ‘ஒருசில இடங்களில்’ என்றால் பாதி வரை. ‘பல இடங்களில்’ என்றால் முக்கால்பங்கு வரை. ஆகவே ‘ஓரிரு இடங்களில் அதி கனமழை’ என்று வந்தால், உங்கள் ஊரில் அது பெய்யாமல் போக வாய்ப்பு அதிகம். பெய்தால் தாங்க முடியாத அளவு பெய்யும். இந்த இரண்டையும் ஒரே வாக்கியம் சொல்கிறது. மழை பெய்யாதபோது ‘பொய்த்துவிட்டது’ என்று சொல்பவர்கள் முதல் பாதியைப் படிக்காதவர்கள்.

இந்த அளவுகோலில் ஒரு பெரிய குறை இருக்கிறது. மேல் படிக்கு எல்லையே கிடையாது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழை; 2023 டிசம்பர் 17-18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய 95 சென்டிமீட்டரும் அதி கனமழை. 21 சென்டிமீட்டரை நல்ல வடிகால் உள்ள தெரு சில மணி நேரத்தில் இறக்கிவிடும். 95-ஐ எந்தத் தெருவாலும் இறக்க முடியாது. குளங்கள் உடையும், சாலை அறுந்து ஊர் தீவாகும். அதி கனமழைக்கு வரும் ‘ரெட் அலர்ட்’ (சிவப்பு எச்சரிக்கை) என்ற இரண்டு சொற்களுக்குள் இவ்வளவு தூரம் அடைந்து கிடக்கிறது. என் கணிப்பில் எச்சரிக்கை முறையிலேயே முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான். அதுவரை, சிவப்பு வந்தால் அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிறங்களும் வெறும் மழை அளவைக் குறிப்பவை அல்ல. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் செய். பாதிப்பு எவ்வளவு, அது நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துத்தான் நிறம் கொடுக்கப்படுகிறது. பலர் ஆரஞ்சைப் பார்த்துவிட்டு ‘சிவப்பு வரட்டும் பார்க்கலாம்’ என்று இருந்துவிடுகிறார்கள். சிவப்பு வரும்போது பால் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் வரிசை நிற்கும், சுரங்கப்பாதை மூடியிருக்கும். தயாராவதற்கான நாள் ஆரஞ்சு.

இன்னொரு நுணுக்கம், நாள் கணக்கு. மழை அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை எடுக்கப்படுகிறது. இன்று காலை 10 மணிக்குக் கொட்டிய மழை நாளைக் காலை அட்டவணையில்தான் ஏறும். செயலியில் ‘மழைப்பதிவு’ பக்கத்தைத் திறந்து ‘2 சென்டிமீட்டர்தானே’ என்று நிம்மதியடைவதற்கு முன் அது எந்த 24 மணி நேரம் என்று பாருங்கள். பெய்துகொண்டிருக்கும் மழைக்கு உதவுவது, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்டவாரியாக வரும் உடனடி முன்னறிவிப்பும் ரேடார் படமும்தான்.

டிஎன்-அலர்ட்டுக்கு வருவோம். நாலு நாள் முன்னறிவிப்பு, தினசரி மழைப்பதிவு, நீர்த்தேக்கங்களின் நிலவரம் எல்லாம் தமிழிலேயே ஒரே இடத்தில் கிடைப்பது இதன் பலம். ஊர்ப்புறத்தில் பெரியவர்களுக்குப் போட்டுக்கொடுக்க ஏற்றது இதுதான். நீர்த்தேக்கப் பக்கத்துக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பக்கத்தைத்தான் மக்கள் அதிகம் தவறாகவும் படிக்கிறார்கள்.

செம்பரம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. எல்லோரும் பார்ப்பது ‘22 அடி’, ‘23 அடி’ என்ற எண்ணை. பார்க்க வேண்டியது மீதி இடமும் நீர்வரத்தும். கணக்கு எளிது. விநாடிக்கு 1,000 கன அடி தண்ணீர் ஒரு மணி நேரம் வந்தால் 3.6 மில்லியன் கன அடி. ஏரியில் 500 மில்லியன் கன அடிக்கு இடம் இருக்கிறது, வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தால் 5,000 கன அடி நிற்கிறது என்று வையுங்கள். மணிக்கு 18 மில்லியன் கன அடி ஏறும். ஏறக்குறைய 28 மணி நேரம் இருக்கிறது. அந்த நிகர வரத்து 15,000 ஆனால் ஒன்பது மணி நேரம்தான். நிரம்பும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மதகைத் திறப்பதும் உண்டு என்பதால் இதை உச்சவரம்பாகவே கொள்ள வேண்டும். மாலையில் பார்த்தபோது 28 மணி நேரம், இரவு பத்து மணிக்குப் பார்த்தால் ஒன்பது: இப்படி எண் சுருங்கும் வேகம்தான் எச்சரிக்கை. 2015 டிசம்பர் 1-2 இரவில் வெளியேற்றம் சுமார் 29,000 கன அடி வரை போனது.

இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தும் என்பது அதைவிட முக்கியம். செம்பரம்பாக்கம் உபரி நீர் குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலை அருகே அடையாற்றில் சேருகிறது. அதற்குக் கீழே உள்ள மணப்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மக்களுக்கு இந்த எண் உயிர்நாடி. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சேர்க்கைக்கு மேலே இருக்கின்றன. அங்கே வெள்ளம் வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து. செம்பரம்பாக்கத்தில் ஒரு மதகைக்கூடத் திறக்காமலே முடிச்சூர் மூழ்கலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணைக்கு இது வேறு கதை: அவர்கள் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளம் பக்கம் கடலில் சேர வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது கடலின் ஏற்றமும் கால்வாயின் ஓட்டமும். 2023 மிக்ஜாம் புயலில் மழை நின்ற பின்னும் நாள்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்ற இடங்கள் பல இப்படிப்பட்டவை. ‘ஏரி திறந்தாச்சா?’ என்று ஊரே ஒரே கேள்வி கேட்கிறது. வீடு எந்த நீர்வழியில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கேட்க வேண்டிய கேள்வி மாறும். செயலி இதைப் பிரித்துச் சொல்வதில்லை. ஒரு மாலைப்பொழுது செலவழித்து வரைபடத்தில் உங்கள் தெருவின் மழைநீர் கால்வாய் எந்த ஏரிக்கு, எந்த ஓடைக்கு, எந்த ஆற்றுக்குப் போகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். இதைவிடப் பயனுள்ள தயாரிப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சச்சேத்தின் பலம் வேறு. வானிலை மையம், மத்திய நீர் ஆணையம், கடல் தகவல் சேவைக்கான இன்காய்ஸ், மாநில அரசுகள் என்று எச்சரிக்கை தரும் எல்லா அமைப்புகளையும் ஒரே வடிவத்துக்குள் கொண்டுவருகிறது. பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. இந்தக் கடைசி அம்சத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. திருப்பூரிலும் ஒரகடத்திலும் கட்டுமானத் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் ஒடியா, இந்தி, வங்காளித் தொழிலாளர்களுக்குத் தமிழ் அறிவிப்பு எட்டாது. பள்ளமான காலி மனையில்தான் அவர்கள் கொட்டகை இருக்கும். மேஸ்திரிகளும் வீட்டு உரிமையாளர்களும் அவர்கள் கைபேசியில் இதை அவர்கள் மொழியிலேயே போட்டுக்கொடுக்கலாம். ஐந்து நிமிட வேலை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கும் சச்சேத் அவசியம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. மழையும் இல்லை, புயலும் இல்லை. எங்கோ தெற்கே ஆழ்கடலில் உருவான அலை வந்து கரையில் ஏறும் கள்ளக்கடல் அது. அதற்கான எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. மீனவர்களுக்குத் தெரிந்த ஒரு செய்தி, வெளியூரிலிருந்து கடல் பார்க்க வந்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. பாதிப்புக்கு ஆளாகும் நிலை ஏழ்மையால் மட்டும் வருவதில்லை. இடம் தெரியாததாலும் வரும். கடற்கரைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை சச்சேத்தைத் திறந்து அந்த மாவட்டத்தைப் பாருங்கள்.

ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு மட்டும் இந்தச் செயலிகள் எதுவும் போதாது. கரையிலிருந்து சிறிது தூரம் போனதும் கைபேசிச் சமிக்ஞை அறுந்துவிடும். 2017 ஒக்கியின்போது பலர் நாள்கணக்காகக் கடலில் இருந்தார்கள்; புயல் உருவாகி வலுத்த வேகத்தில் அவர்களுக்குச் செய்தி சொல்ல வழியே இருக்கவில்லை. அங்கே செயற்கைக்கோள் வழி இயங்கும் டிரான்ஸ்பாண்டர் கருவிதான் தேவை.

இனி, செயலியைவிட நம்பகமான ஒரு வழி. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாடு முழுக்கக் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின, நினைவிருக்கும். அது கைபேசிக் கோபுரத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்பாகும் எச்சரிக்கைக்கான சோதனை. உங்கள் எண் தேவையில்லை, இணையம் தேவையில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் வரும் நெரிசலிலும் தடைபடாது. இதன் அருமை இரவில் தெரியும். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் ஊர் உறங்கும் நேரம். அந்த நேரத்தில் செயலியின் ‘டிங்’ ஓசைக்கு யாரும் எழ மாட்டார்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் போய் ‘வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்’ என்று தேடுங்கள். சோதனை நாளில் சத்தம் பிடிக்காமல் நீங்கள் அதை அணைத்து வைத்திருக்கலாம். இன்னும் அணைந்தே கிடக்கலாம். அதோடு, இரண்டு செயலிகளுக்கும் பேட்டரி சிக்கன வசதியிலிருந்து விலக்குக் கொடுங்கள். பல நாள் திறக்காத செயலியைக் கைபேசி தானாகத் தூங்கவைத்துவிடும், பிறகு எச்சரிக்கை தாமதமாக வரும் அல்லது வராது. இருப்பிட அனுமதியைக் கொடுத்தால் நீங்கள் நிற்கும் இடத்துக்குத்தான் செய்தி வரும். வேலை சென்னையில், அப்பா அம்மா விழுப்புரத்தில் என்றால் அவர்கள் மாவட்டத்தைத் தனியாகப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். மின்தடை நீண்டு, கோபுரத்தின் பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் எந்தச் செயலியும் இல்லை. அதனால் இந்தச் சேவைகளின் பயன் மழைக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். முடிவுகளை அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

அந்த முடிவுகள் எவை என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறும். அரசு தன் அளவில் இதைச் செய்திருக்கிறது. 2020 நிவர் புயலின்போது சொல்லப்பட்ட கணக்குப்படி மாநிலத்தில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இடங்கள் 4,133. அதில் மிக அதிக பாதிப்பு 321, அதிக பாதிப்பு 797, மிதமானது 1,096, குறைவானது 1,919. பிரித்த அளவுகோல் தண்ணீரின் ஆழம்: ஐந்து அடிக்கு மேல், மூன்று முதல் ஐந்து, இரண்டு முதல் மூன்று, இரண்டுக்குக் கீழ். உங்கள் பகுதி அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று விஏஓ அலுவலகத்திலோ தாசில்தார் அலுவலகத்திலோ கேளுங்கள். எந்தப் பள்ளிக்கூடம் நிவாரண முகாம் என்பதையும் அங்கேயே கேட்கலாம். நல்ல அளவுகோல், ஆனால் ஆழம் மட்டுமே ஆபத்தாகிவிடாது. இரண்டு அடித் தண்ணீர் ஆரோக்கியமான ஒருவருக்குத் தொல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. ஓடும் தண்ணீரென்றால் அரை அடியிலேயே கால் வாரும், ஓர் அடியில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) ஓடுகிறது என்று வையுங்கள். சாதாரணமாக 350 வாட் இழுக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று உள்ள வீட்டு இன்வெர்ட்டரில், இழப்பெல்லாம் போக மூன்றரை நாலு மணி நேரம் வரும், அதுவும் பேட்டரி புதியதாக இருந்தால், மின்விசிறிகூட ஓடாவிட்டால். உள்ளே தண்ணீர் நுழைந்த பகுதியில் மின்சாரத்தைத் துண்டிப்பது வழக்கம், துண்டிக்கவும் வேண்டும். அது திரும்பி வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். அப்படியானால் இந்த வீட்டுக்கு ஆரஞ்சே சிவப்பு. ஆரஞ்சு வந்த அன்றே நோயாளி, ஜெனரேட்டர் உள்ள மருத்துவமனைக்கோ மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கோ போயிருக்க வேண்டும். டயாலிசிஸ் எடுப்பவர், ஆரஞ்சு வந்தால் அடுத்த முறையை ஒரு நாள் முன்னதாக வைக்க முடியுமா என்று மையத்தில் கேட்க வேண்டும். தவறிப்போனால் இரண்டு நாள் தள்ளுவது அவர் உடம்பு தாங்காது. நிறைமாத கர்ப்பிணிக்கும் இதே கணக்கு.

ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு பின்னோக்கிய கணக்குப் போடலாம். வெளியேற எத்தனை மணி நேரம் தேவை? தெருவில் வண்டி போக முடியாமல் போவது எந்த நேரத்தில்? இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். அதுதான் கிளம்பும் நேரம். இதற்கு வேண்டிய தரவு உங்கள் சுவரிலேயே இருக்கிறது. 2015, 2023 தண்ணீர்க் கறை எத்தனை அடி உயரத்தில் நின்றது என்று டேப் வைத்து அளந்து, அன்று எவ்வளவு மழை, ஏரியில் எவ்வளவு திறப்பு என்பதைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். வாடகைக்குப் புதிதாக வந்தவர்கள் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டால் முழங்காலா இடுப்பா என்று சரியாகச் சொல்வார். மின்மீட்டர் பெட்டியின் அடிப்பாகம் அந்தக் கறைக்கு மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழே இருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே மின்வாரியத்தில் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்வதுதான் அந்த வீட்டின் முதல் வேலை.

பொய்யான எச்சரிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தபோது வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். மறுநாள் எதிர்பார்த்த மழை வரவில்லை. கேலி நிறைய வந்தது. என் பார்வையில் அவர்கள் செய்தது மிகச் சரி. செலவு ஒரு நடை; தவிர்த்தது இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் வரும் பெருஞ்செலவு. மழை வராவிட்டால் நஷ்டமில்லாத வேலைகளை ஆரஞ்சிலேயே செய்யலாம்: மேல்தொட்டியை நிரப்புவது, பவர் பேங்க் சார்ஜ் போடுவது, பத்து நாள் மருந்து வாங்குவது, வண்டியை மேட்டில் நிறுத்துவது, பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் அலமாரிக்கு ஏற்றுவது. கடையை மூடுவது, ஊரைக் காலி செய்வது போன்ற செலவுள்ள முடிவுகளுக்குத்தான் சிவப்புக்கோ ஏரித் திறப்புக்கோ காத்திருக்கலாம். தாங்கும் வசதி இல்லாதவர்களுக்கு அந்தக் காத்திருப்பும் கூடாது.

மதிப்பீட்டைச் சொல்வதென்றால்: வானிலை மைய அறிவிப்பு, சொற்களின் அளவு தெரிந்தவர்களுக்கு மிக நல்லது. டிஎன்-அலர்ட் தமிழில் படிக்கவும் நீர்த்தேக்க நிலவரத்துக்கும். சச்சேத் கடலோரத்துக்கும், பிறமொழித் தொழிலாளர்களுக்கும், வெளியூர்ப் பயணத்துக்கும். இரவுக்குக் கோபுர ஒலிபரப்பு. ஸ்மார்ட்போன் இல்லாத ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு இந்தச் செயலிகள் எட்டாது. அங்கே இன்னும் ஒலிபெருக்கி ஆட்டோவும் கதவைத் தட்டும் ஆளும்தான். உங்கள் தெருவுக்குப் பின்னால் அப்படி நாலு குடும்பம் இருந்தால், எச்சரிக்கை வந்ததும் போய்ச் சொல்வது யார் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. வேறு மாவட்டத்தில் இருந்துகொண்டு பெற்றோருக்காக 1077-ஐ அழைத்தால், அந்த ஊரின் எஸ்டிடி எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும். இல்லையேல் நீங்கள் இருக்கும் மாவட்டத்தில்தான் மணி அடிக்கும். சேர்த்து எழுதிய அந்த முழு எண்ணைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அப்பா அம்மா வீட்டில் மின்மீட்டர் உயரத்துக்கும் மேலே ஒட்டிவிடுங்கள்.